5.9 வினாடியில் ராக்கெட்டை நிறுத்திய கம்ப்யூட்டர்

2024 மே 28ம் தேதி காலை. ஸ்ரீஹரிகோட்டாவில் ஒரு சின்ன ராக்கெட் புறப்படத் தயாராக நிற்கிறது. சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் பிறந்த அக்னிகுல் காஸ்மோஸ் என்ற தனியார் நிறுவனம் தயாரித்த ராக்கெட் அது. பெயர் அக்னிபான் சார்டெட். கவுண்ட் டவுன் ஓடிக் கொண்டிருக்கிறது. பத்து, ஒன்பது, எட்டு, ஏழு... சரியாக 5.9 வினாடி பாக்கி இருக்கும்போது எல்லாம் நின்று விட்டது. என்ஜினைப் பற்ற வைக்கும் இக்னைட்டரின் செயல்பாட்டைச் சரிபார்க்க வேண்டும் என்று அறிவித்து, அன்றைய ஏவுதலைக் கைவிட்டார்கள்.

இப்படி நிற்பது அது முதல் முறையும் அல்ல. மார்ச்சில் ஒரு முறை, ஏப்ரலில் இரண்டு முறை தள்ளிப் போயிருந்தது. ஏப்ரல் 7ம் தேதி 92 வினாடி இருக்கும்போது நிறுத்தினார்கள். இது நான்காவது முறை. மறுநாள் எங்கள் அலுவலக கேன்டீனில் ஒரு நண்பர் பேப்பரைப் பார்த்துவிட்டு, "நம்ம ஊர் பஸ் மாதிரி இருக்கே, கிளம்பும் கிளம்பும்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் மதுரையில் உட்கார்ந்து சாப்ட்வேரைச் சோதித்துப் பார்ப்பதையே வேலையாக வைத்திருக்கும் எனக்கு அந்தச் செய்தி வேறு மாதிரி தெரிந்தது. 5.9 வினாடியில் ஒரு மனிதனால் யோசித்து, பேசி, பட்டனை அழுத்த முடியாது. கவுண்ட் டவுனின் கடைசிக் கட்டத்தை நடத்துவது கம்ப்யூட்டர்தான்.

வீட்டில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கும் வாசகர்களுக்கு ராக்கெட் எதற்கு என்று கேட்கிறீர்களா? இரண்டு காரணங்கள் உண்டு. ராக்கெட்டின் சோதனைப் பறத்தல் என்பது பாதிக்கு மேல் கம்ப்யூட்டர் சோதனை. அதோடு, அந்தச் சோதனையின் ஒரு சின்ன வடிவத்தை உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் காசு செலவில்லாமல் நீங்களே செய்து பார்க்கலாம். அதைப் பிறகு சொல்கிறேன்.

வாணமும் ராக்கெட்டும்

சிவகாசி நமக்குப் பக்கம்தான். தீபாவளிக்கு விடும் ராக்கெட் வாணத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். திரியில் நெருப்பு வைத்துவிட்டால் அவ்வளவுதான். மருந்து தீரும் வரை எரியும், நடுவில் நிறுத்த முடியாது. திட எரிபொருள் ராக்கெட்டுகளும் கிட்டத்தட்ட இப்படித்தான். ஹைதராபாத்தின் ஸ்கைரூட் நிறுவனம் 2022 நவம்பர் 18ம் தேதி விட்ட விக்ரம்-எஸ், இந்தியாவில் தனியார் விட்ட முதல் ராக்கெட். அதில் இருந்தது திட எரிபொருள். 89.5 கிலோமீட்டர் உயரம் வரை போனது.

அக்னிபான் வேறு ஜாதி. விமானங்களுக்குப் போடும் எரிபொருளும், கடுங்குளிரில் திரவமாக்கிய ஆக்சிஜனும் தனித் தனித் தொட்டிகளில் இருக்கும். இரண்டும் சரியான அளவில், சரியான நேரத்தில் என்ஜினுக்குள் வர வேண்டும். எந்த வால்வு எப்போது திறக்க வேண்டும், அழுத்தம் எவ்வளவு இருக்க வேண்டும், இவை எல்லாவற்றையும் ஒரு கம்ப்யூட்டர் பார்த்துக் கொண்டே இருக்கும். வேலை அதிகம். ஆனால் ஒரு லாபம் உண்டு. சந்தேகம் வந்தால் வால்வை மூடி நிறுத்திக் கொள்ளலாம்.

என்ஜினின் பெயர் அக்னிலெட். சுமார் 600 கிலோ எடையைத் தூக்கும் அளவுக்குத் தள்ளு விசை தரும். இதை அவர்கள் தனித் தனியாகச் செய்து வெல்டிங் வைக்கவில்லை. உலோகத் தூளிலிருந்து த்ரீ டி பிரிண்டரில் ஒரே துண்டாக அச்சிட்டு எடுத்தார்கள். உங்கள் மேஜையில் இருக்கும் பிரிண்டர் தாளில் வரி வரியாக மை வைப்பது போல, இது உலோகத்தை அடுக்கு அடுக்காக வைத்துக் கொண்டு போகும். இந்த வகை என்ஜினை ஒரே துண்டாக அச்சிட்டுப் பறக்க விட்டது உலகில் இதுவே முதல் முறை.

என்னைக் கவர்ந்தது இன்னொரு விஷயம். ராக்கெட்டுக்குள் கருவிகள் ஒன்றோடு ஒன்று பேசுவதற்கு ஈதர்நெட் முறையைப் பயன்படுத்தியிருந்தார்கள். உங்கள் இண்டர்நெட் மோடத்தில் இருந்து கம்ப்யூட்டரின் பின்பக்கம் ஒரு கேபிள் வந்து 'டக்' என்று சொருகிக் கொள்ளும் அல்லவா? அந்தக் கேபிளில் தகவல் போகும் முறைதான் ஈதர்நெட். இந்திய ராக்கெட்டில் இது புதிது. ஓட்டுநர் வேலை பார்க்கும் ஆட்டோ பைலட் சாப்ட்வேரையும் அவர்களே எழுதினார்கள். என்ஜின் புதிது, கேபிள் முறை புதிது, சாப்ட்வேர் புதிது, ஏவுதளமும் புதிது. 2022 நவம்பரில் திறந்த அந்த ஏவுதளம் இந்தியாவில் ஒரு தனியார் நிறுவனம் தனக்கென்று அமைத்துக் கொண்ட முதல் தளம். நாலு கிலோமீட்டர் தள்ளி அவர்களுடைய கட்டுப்பாட்டு அறை.

ஒரு சாப்ட்வேர்க்காரனாகச் சொல்கிறேன், இத்தனை புதுச் சமாச்சாரங்களை ஒரே நாளில் சோதிப்பது வயிற்றைக் கலக்கும் வேலை. ஆகவே அந்த நான்கு ஒத்திவைப்புகளைப் பார்த்து எனக்கு ஆச்சரியம் வரவில்லை.

கடைசியில் இரண்டே நாள் கழித்து, மே 30ம் தேதி காலை 7.15 மணிக்கு அக்னிபான் கிளம்பியது. கிளம்பிய நாலு வினாடிக்குப் பிறகு தலையைச் சற்றுச் சாய்த்துக் கடலை நோக்கித் திரும்ப வேண்டும், 39 வினாடிக்கு மேல் காற்றின் போக்குக்குத் தக்கபடி சாய்வை மாற்றிக் கொள்ள வேண்டும், இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே கடலில் விழ வேண்டும் என்பது திட்டம். நிறுவனத்தைத் தொடங்கிய ஸ்ரீநாத் ரவிச்சந்திரன், மொயின் எஸ்.பி.எம்., அவர்களுக்குத் துணை நின்ற ஐ.ஐ.டி. பேராசிரியர் சத்யநாராயணன் சக்கரவர்த்தி ஆகியோரின் 2017ல் தொடங்கிய உழைப்பு இரண்டு நிமிடத்தில் முடிந்தது. இது விண்வெளிக்குப் போன ராக்கெட் அல்ல. செயற்கைக்கோளையும் சுமக்கவில்லை. அதன் வேலை தகவல் சேகரிப்பது மட்டுமே. செயற்கைக்கோளைச் சுமக்கப் போவது இதன் பெரிய அண்ணன். 18 மீட்டர் உயரம்.

கரண்ட் போச்சா?

ராக்கெட்டின் உச்சியில் மனிதர் உட்கார்ந்தால் கணக்கே மாறிவிடுகிறது. அவர் உட்காரும் கூண்டைத்தான் கேப்சூல் என்கிறார்கள். இந்தியாவில் எந்தத் தனியார் நிறுவனமும் கேப்சூலைப் பறக்க விட்டதில்லை. நம் ககன்யான் திட்டத்துக்காக இஸ்ரோ அதைச் செய்கிறது.

2023 அக்டோபர் 21, சனிக்கிழமை. அன்று டிவி-டி1 என்ற சோதனை. ராக்கெட் போய்க் கொண்டிருக்கும்போது ஆபத்து வந்தால் கேப்சூலைப் பிய்த்துக் கொண்டு வந்து காப்பாற்ற முடியுமா என்று பார்ப்பதுதான் நோக்கம். ஆள் கிடையாது. எட்டு மணி என்றார்கள், எட்டரை என்றார்கள், பிறகு எட்டே முக்கால். வீட்டில் கம்ப்யூட்டர் திரையில் நேரடி ஒளிபரப்பைப் போட்டுவிட்டு அப்பாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். ஐந்து வினாடி பாக்கி இருக்கும்போது எண்ணிக்கை நின்று விட்டது. அப்பா முதலில் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார். "என்னடா, கரண்ட் போச்சா?" என்றார். இல்லை என்றதும், "அப்ப ராக்கெட் போச்சா?" என்றார்.

இரண்டும் இல்லை. என்ஜின் பற்றும் கட்டத்தில் ஏதோ முறைப்படி நடக்கவில்லை என்று தரையில் இருந்த கம்ப்யூட்டர் கருதி, தானே நிறுத்தி வைத்தது. பிறகு பார்த்தால் என்ஜினில் கோளாறு இல்லை. கண்காணிப்பில்தான் முரண்பாடு என்று அப்போதைய இஸ்ரோ தலைவர் சோமநாத் விளக்கினார். சரி செய்து, பத்து மணிக்கு விட்டார்கள். சுமார் 12 கிலோமீட்டர் உயரத்தில், ஒலியை விட வேகமாகப் போய்க் கொண்டிருந்தபோது தப்பிக்கும் ராக்கெட் கேப்சூலை இழுத்துக் கொண்டு பறந்தது. பாராசூட்டுகள் விரிந்தன. கரையிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தள்ளிக் கடலில் இறங்கியது. கடலில் தலைகீழாக மிதந்த அதைக் கடற்படை வீரர்கள் மீட்டுக் கொண்டு வந்தார்கள்.

அன்று அந்தக் கம்ப்யூட்டர் செய்தது வீண் பயம் என்று சிலர் சொன்னார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தவறான எச்சரிக்கைக்கு விலை ஒன்றே கால் மணி நேரம். விடுபட்ட எச்சரிக்கைக்கு விலை ஒரு ராக்கெட். பிற்காலத்தில் மூன்று உயிர்.

பதினோரு மணி நேரம் தப்பான கடிகாரம்

விடுபட்ட எச்சரிக்கைக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். உங்கள் கம்ப்யூட்டர் திரையின் வலது கீழ் மூலையில் ஒரு கடிகாரம் ஓடும், பார்த்திருப்பீர்கள். பழைய கம்ப்யூட்டர்களில் மதர்போர்டில் இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்துவிட்டால் அந்தக் கடிகாரம் எங்கேயோ போய்விடும். தேதி தப்பாக இருந்தால் இணையதளங்கள் கூடத் திறக்க மறுக்கும். அதிகம் போனால் நமக்கு எரிச்சல், அவ்வளவுதான்.

2019 டிசம்பர் 20ம் தேதி அமெரிக்காவின் போயிங் நிறுவனம் தன் ஸ்டார்லைனர் கேப்சூலை ஆளில்லாமல் முதன் முதலாக விண்வெளிக்கு அனுப்பியது. ராக்கெட்டின் கம்ப்யூட்டரிலிருந்து கேப்சூல் நேரத்தை வாங்கிக் கொள்ள வேண்டும். வாங்கியது, ஆனால் வாங்கிய வேளை சரியில்லை. கேப்சூலின் கடிகாரம் சுமார் 11 மணி நேரம் தள்ளிப் போய்விட்டது. விளைவு என்ன? பயணத்தில் எப்போதோ செய்ய வேண்டிய வேலையை இப்போதே செய்வதாக நினைத்துக் கொண்டு, சின்ன என்ஜின்களை இயக்கி எரிபொருளைச் செலவழித்து விட்டது. சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போக முடியாமல் இரண்டு நாளில் திரும்பி வந்தது.

அது விண்வெளியில் சுற்றிக் கொண்டிருந்தபோதே, தரையில் சாப்ட்வேரை மறுபடி சோதித்தவர்கள் இன்னொரு பிழையையும் பிடித்தார்கள். திரும்பி வரும்போது கேப்சூலும் அதன் பின்னால் இருக்கும் பகுதியும் பிரிய வேண்டும். பிழையோடு விட்டிருந்தால் பிரிந்த பகுதி கேப்சூலின் மீதே மோதியிருக்கக் கூடும். அவசரமாகத் திருத்தி மேலே அனுப்பினார்கள். முழுப் பயணத்தையும் தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே ஓட்டமாகச் சோதிக்காமல், துண்டு துண்டாகச் சோதித்திருந்தார்கள் என்பது பிறகு வெளியே வந்தது.

என்னைக் கேட்டால், எல்லாச் சாப்ட்வேர் கம்பெனியிலும் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இந்தக் கதையை முதல் நாளே சொல்ல வேண்டும். துண்டுகள் தனித் தனியே சரியாக இருக்கும். பொருந்தும் இடத்தில்தான் வம்பு. இதே ஸ்டார்லைனரில்தான் 2024 ஜூனில் சுனிதா வில்லியம்ஸ் போனார். அப்போது வந்தது வேறு கோளாறு, ஹீலியம் கசிவும் சின்ன என்ஜின்களும். அது ஆளில்லாமல் திரும்பியது. அவர் 2025 மார்ச்சில் ஸ்பேஸ் எக்ஸ் நிறுவனத்தின் டிராகன் கேப்சூலில் வந்து சேர்ந்தார்.

டிராகனுக்கும் ஒரு கதை உண்டு. ஸ்பேஸ் எக்ஸின் முதல் ராக்கெட் பால்கன் 1. 2006, 2007, 2008 என்று மூன்று முறை தோற்றது. மூன்றாவது தோல்விக்குக் காரணம் கேட்டால் சிரிப்பும் வரும், பயமும் வரும். கீழ் அடுக்கின் என்ஜினை அணைத்த பிறகும் அதில் கொஞ்சம் உந்துவிசை மிச்சம் இருந்தது. அடுக்குகள் பிரிந்தவுடன் கீழ் அடுக்கு பின்னாலேயே வந்து மேல் அடுக்கை முட்டிவிட்டது. தீர்வு? என்ஜினை அணைத்ததற்கும் பிரிவதற்கும் நடுவே காத்திருக்கும் நேரத்தைச் சற்றுக் கூட்டினார்கள். 2008 செப்டம்பர் 28ம் தேதி நான்காவது முறை சுற்றுப்பாதைக்குப் போய்விட்டது. 2010 டிசம்பர் 8ம் தேதி டிராகன் கேப்சூல் பூமியைச் சுற்றிவிட்டுக் கடலில் பத்திரமாக இறங்கியது. ஒரு தனியார் கேப்சூல் அப்படித் திரும்பியது அதுதான் முதல் முறை. உள்ளே சோதனைக்கு என்ன வைத்திருந்தார்கள் தெரியுமா? ஒரு வட்டப் பாலாடைக்கட்டி! அதன் அடுத்த தலைமுறைக் கேப்சூலில்தான் 2025 ஜூனில் நம் சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்துக்குப் போனார்.

உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு சோதனை

சரி, நம் பங்குக்கு வருவோம். ஓபன் ராக்கெட் என்று ஓர் இலவச சாப்ட்வேர் இருக்கிறது. பின்லாந்தில் சாம்போ நிஸ்கானென் என்ற மாணவர் தன் மேல்படிப்புக்காக எழுதியது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். புதிய பதிப்புகளில் ஜாவாவும் சேர்ந்தே வந்துவிடுவதால் தனியாகத் தேட வேண்டியதில்லை. அதன் சொந்த இணையதளத்திலிருந்து மட்டும் டவுன்லோடு செய்யுங்கள். மற்ற தளங்களில் பளபளக்கும் பச்சை பட்டன்களைத் தொட வேண்டாம்.

இன்ஸ்டால் செய்து திறந்தவுடன் பைல் மெனுவில் 'ஓபன் எக்சாம்பிள்' என்பதைக் கிளிக் செய்து, 'எ சிம்பிள் மாடல் ராக்கெட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒரு சின்ன ராக்கெட் படம் வரும். அதில் நீல நிறத்தில் ஒரு புள்ளி, சிவப்பு நிறத்தில் ஒரு புள்ளி. நீலம், ராக்கெட்டின் எடை சமன்படும் இடம். சிவப்பு, காற்றின் அழுத்தம் சமன்படும் இடம். சிவப்பு எப்போதும் நீலத்துக்குப் பின்னால், வால் பக்கமாக இருக்க வேண்டும். அப்போதுதான் ராக்கெட் நேராகப் போகும்.

சிவகாசி வாணத்தில் நீளமாக ஒரு குச்சி கட்டியிருப்பது இதற்குத்தான். அந்தக் குச்சி சிவப்புப் புள்ளியைப் பின்னால் இழுத்து வைத்துக் கொள்கிறது. குச்சி ஒடிந்த வாணம் எதிர் வீட்டு மாடிக்குப் போவதைப் பார்த்திருப்பீர்களே! இதையும் சோதிக்கலாம். இடது பக்கப் பட்டியலில் 'பின் செட்' என்று இருக்கும் இறக்கைகளைத் தேர்ந்தெடுத்து டெலீட் செய்யுங்கள். சிவப்புப் புள்ளி முன்னால் ஓடிவிடும். கண்ட்ரோல், இசட் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் இறக்கை திரும்ப வந்துவிடும். ஸ்ரீஹரிகோட்டாவில் இந்த வசதி இல்லை.

அடுத்து 'பிளைட் சிமுலேஷன்ஸ்' டேபுக்குப் போங்கள். ஏதாவது ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து 'எடிட்' கொடுத்தால், ஏவும் இடத்தின் நிலைமையைக் குறிப்பிடும் கட்டங்கள் வரும். அட்சரேகை 9.9, தீர்க்கரேகை 78.1, உயரம் 100 மீட்டர் என்று கொடுங்கள். நீங்கள் மதுரைக்கு வந்துவிட்டீர்கள். யானைமலைக்கும் நாகமலைக்கும் நடுவே ஒரு தரிசு வயல் என்று வைத்துக் கொள்ளுங்கள். காற்றின் சராசரி வேகத்தை வினாடிக்கு 2 மீட்டர் என்று வைத்து ஒரு முறை ஓட்டுங்கள். அபோஜி என்ற கட்டத்தில் எவ்வளவு உயரம் போனது என்று வரும், குறித்துக் கொள்ளுங்கள். இப்போது காற்றை 8 ஆக்குங்கள். ஆடி மாதம் மேற்கிலிருந்து அடிக்குமே, அந்தக் காற்று. மறுபடி ஓட்டினால் உயரம் குறைந்திருக்கும். இறக்கை வைத்த ராக்கெட் காற்று வரும் பக்கமாக மூக்கைத் திருப்பிக் கொள்ளும். மேலே போக வேண்டிய சக்தி பக்கவாட்டில் போய்விடும். அக்னிபான் 39வது வினாடியில் காற்றுக்கென்று ஒரு தனித் திருப்பம் வைத்திருந்ததன் அருமை இப்போது புரியும்.

பாராசூட்டையும் விட்டுவிடாதீர்கள். அதை டபுள் கிளிக் செய்து விட்டத்தைப் பாதியாக்கி ஓட்டுங்கள். 'கிரவுண்ட் ஹிட் வெலாசிட்டி' என்ற கட்டத்தில் தரையில் மோதும் வேகம் சுமார் இரண்டு மடங்காகியிருக்கும். விட்டம் பாதி என்றால் பரப்பு கால் பங்குதானே. எங்கள் தெருவில் பிளஸ் டூ படிக்கும் பையன் ஒருவன், அவன் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்து ஒரு மாதம்தான் ஆகிறது, இந்த இடத்தில் மாலை முழுக்க உட்கார்ந்துவிட்டான். "அண்ணா, பாராசூட்டைப் பெருசாக்கினா பூ மாதிரி இறங்குது, ஆனா காத்துல ரொம்ப தூரம் போயிடுதே" என்றான். உண்மைதான். நிஜக் கேப்சூலில் முதலில் சின்ன பாராசூட், பிறகு பெரிய பாராசூட் என்று படிப்படியாக விரிக்கிறார்கள்.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. சோதனை கம்ப்யூட்டரோடு இருக்கட்டும். பட்டாசு மருந்தைப் பிரித்து எடுத்து ராக்கெட் செய்வது போன்ற வேலைகளில் பிள்ளைகள் இறங்காமல் பார்த்துக் கொள்ளுங்கள். கை விரல்களுக்கு அன்டூ கிடையாது.

கடைசியாக, ஏவும் இடத்தை அட்சரேகை 8.4, தீர்க்கரேகை 78.05 என்று மாற்றிப் பாருங்கள். தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினம். தசராவுக்குப் போயிருப்பீர்கள். அங்கேதான் இந்தியாவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28ல் அடிக்கல் நாட்டினார்கள். உங்கள் பொம்மை ராக்கெட்டின் உயரத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. நிஜ ராக்கெட்டுக்குத்தான் வித்தியாசம். துருவப் பாதைக்குப் போக ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே விட்டால் வழியில் இலங்கை குறுக்கிடும். சுற்றி வளைத்துப் போக வேண்டும், அதற்கு எரிபொருள் கூடுதல் செலவு. பெரிய ராக்கெட் தாங்கும். அக்னிபான் போன்ற சின்ன ராக்கெட்டுகள் சுமையைக் குறைத்துக் கொள்ள வேண்டி வரும். குலசேகரப்பட்டினத்துக்குத் தெற்கே வெறும் கடல்தான். கம்ப்யூட்டரில் ஒரு வரைபடத்தைத் திறந்து அந்த ஊரிலிருந்து கீழே நேர்கோடு இழுத்துப் பாருங்கள். அண்டார்டிகா வரை கோடு போய்க் கொண்டே இருக்கும்.